டைப் என்று பெயர் வைத்ததும் பக்கம் ஏன் விழுகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ரெயில்ஸில் (ரூபி மொழியில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிரேம்வொர்க், அதாவது ஆயத்தச் சட்டகம்) எழுதிய ஆப் ஒன்றில் அக்கவுன்ட்ஸ் டேபிளுக்கு ‘டைப்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறீர்கள். மைக்ரேஷன், அதாவது டேபிளின் அமைப்பை மாற்றும் நிரல், சிக்கலில்லாமல் ஓடியது, பட்டியல் பக்கமும் இரண்டு நாள் ஒழுங்காக வந்தது. பழைய தரவை எஸ்க்யூஎல் மூலம் நேரடியாக ஏற்றிய பிறகு அதே பக்கம் ‘சப்கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று விழுகிறது. ‘நான் இன்ஹெரிட்டன்ஸ் எதுவும் எழுதவே இல்லையே, எந்த சப்கிளாஸைத் தேடுகிறது?’ என்று கேட்கிறீர்கள். (இன்ஹெரிட்டன்ஸ் என்பது ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிப்பது, பிறந்தது சப்கிளாஸ்.) இந்த மாதிரிப் பிழைகளைப் பொதுவாக எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இரண்டாவது கேள்வி. அடுத்த மைக்ரேஷனில் ஆவணங்கள் டேபிளுக்கு ‘ஹேஷ்’ என்று ஒரு நெடுவரிசை வரப்போகிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உடனடிக் காரணம். ரெயில்ஸில் ஒரே டேபிளில் பல கிளாஸ்களின் பதிவுகளைச் சேர்த்து வைக்க ஒரு வசதி உண்டு, சிங்கிள் டேபிள் இன்ஹெரிட்டன்ஸ் என்பார்கள். எந்தப் பதிவு எந்த கிளாஸைச் சேர்ந்தது என்று எழுதி வைக்க ஒரு நெடுவரிசை வேண்டுமல்லவா? அதற்கு ரெயில்ஸ் எடுத்துக்கொண்ட பெயர்தான் டைப். நீங்கள் அந்த வசதியைக் கேட்டீர்களா இல்லையா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. டேபிளில் அந்தப் பெயரில் நெடுவரிசை இருந்தால் போதும், ஒவ்வொரு பதிவைப் படிக்கும்போதும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும். காலியாக இருந்தால் சாதாரண அக்கவுன்ட் பொருளாகவே உருவாக்கிவிடும். ‘சேவிங்ஸ்’ என்று இருந்தால் அந்தப் பெயரில் கிளாஸ் இருக்கிறதா என்று தேடும், கிடைக்காமல் விழும். முதல் இரண்டு நாள் அந்த நெடுவரிசை முழுவதும் காலி. அதனால்தான் பக்கம் வந்தது. தரவு ஏறியதும் தேடல் தொடங்கிவிட்டது.

அந்தப் பிழைச் செய்தியை இன்னொரு முறை முழுவதுமாகப் படித்துப் பாருங்கள். முதல் வாக்கியம் சப்கிளாஸ் கிடைக்கவில்லை என்று மிரட்டும். அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே ‘டைப் என்ற நெடுவரிசை இன்ஹெரிட்டன்ஸுக்காக ஒதுக்கப்பட்டது, அதற்காக வைக்கவில்லை என்றால் பெயரை மாற்றுங்கள்’ என்று பதிலும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் முதல் வரியை மட்டும் நகலெடுத்துத் தேடப் போய்விடுகிறோம். இந்தப் பிழையாவது மருந்தையும் கையில் கொடுக்கிறது. மற்றவை அவ்வளவு நல்ல மனசு உள்ளவை அல்ல.

இப்போதைக்குத் தப்பிக்க வேண்டுமானால், மாடலில், அதாவது அந்த டேபிளுக்கான கிளாஸில், ‘இன்ஹெரிட்டன்ஸ்_காலம்’ என்ற அமைப்புக்கு டேபிளில் இல்லாத ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிடுங்கள். காலம் என்பது இங்கே காலண்டரில் வருவதல்ல, நெடுவரிசை. அதன் பிறகு டைப் சாதாரண நெடுவரிசையாகிவிடும். ஆனால் டேபிள் உங்களுடையது, வேறு எந்த மென்பொருளும் அதைத் தொடவில்லை என்றால் பெயரையே ‘அக்கவுன்ட்_டைப்’ அல்லது ‘கைண்ட்’ என்று மாற்றிவிடுவதுதான் என் ஆலோசனை. அந்த ஒரு வரி அமைப்பை ஆறு மாதம் கழித்து வருபவர் ‘இது எதற்கு?’ என்று அழித்துவிடுவார், நீங்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவீர்கள்.

சரி, இரண்டாவது கேள்விதான் பெரியது. ஒதுக்கப்பட்ட சொல்லால், அதாவது மொழியோ ஃபிரேம்வொர்க்கோ தனக்கென்று வைத்துக்கொண்ட பெயரால், வரும் பிழை ஏன் இவ்வளவு குழப்புகிறது? பெயர் வைத்த இடம் ஒன்று, அடி விழும் இடம் வேறு. நடுவில் சில நாள் இடைவெளிகூட இருக்கலாம், உங்களுக்கு நடந்த மாதிரி. நம் கண் எப்போதும் லாஜிக்கைத்தான் சந்தேகிக்கும்: கண்டிஷன் தப்போ, தரவு தப்போ, பர்மிஷன் இல்லையோ என்று. பெயரை யாரும் சந்தேகிப்பதில்லை, ஏனென்றால் பெயர் நாமே யோசித்து வைத்தது, பொருத்தமாகவும் இருக்கிறது. பொருத்தமான பெயர் என்பதால்தான் மோதலே வருகிறது. ஃபிரேம்வொர்க்கை எழுதியவருக்கும் அதே சொல்தான் பொருத்தமாகத் தோன்றியிருக்கும். ஒரே உறையில் இரண்டு கத்தி.

மோதல் மொழியின் இலக்கணத்தோடு நடந்தால் கவலையே இல்லை. பைத்தானில் ‘கிளாஸ்’ என்று மாறிக்குப் பெயர் வைத்தால் நிரல் ஓடவே ஓடாது, அந்த வரியையே காட்டி நிறுத்திவிடும். தலைவலி தருவது ஃபிரேம்வொர்க் தனக்கென்று எடுத்துக்கொண்ட பெயர்கள். அவை இலக்கணத்தில் ஒதுக்கப்பட்டவை அல்ல, எடிட்டர் நிறம் மாற்றிக் காட்டாது, நிரலும் ஓடும். ஓடிய பிறகு வேறு எங்கோ விழும்.

எனக்கு இது முதன்முதலில் புரிந்தது ஒரு கன்ட்ரோலரில், அதாவது பக்கக் கோரிக்கைகளைக் கவனிக்கும் கிளாஸில். பில்களைச் செயலாக்கும் பக்கம் ஒன்று எழுதினேன். பட்டியலுக்கு ‘இன்டெக்ஸ்’, செயலாக்கத்துக்கு ‘ப்ராசஸ்’ என்று இரண்டு ஆக்‌ஷன். சேமித்துவிட்டுப் பட்டியல் பக்கத்தைத் திறந்தால் ‘ஆர்க்யூமென்ட் எண்ணிக்கை தவறு, 1 கொடுக்கப்பட்டது, எதிர்பார்த்தது 0’. நான் திறந்தது பட்டியல் பக்கம். பிழை சுட்டும் வரியோ ப்ராசஸ் மெத்தட் தொடங்கும் வரி. அதை நான் கூப்பிடவே இல்லை. எந்த முகவரி எந்த மெத்தடுக்குப் போகும் என்று சொல்லும் ரூட்டில் ஏதோ குழப்பம் என்று ரூட் கோப்பை அரை நாள் புரட்டினேன். ப்ராசஸ் மெத்தடுக்குள் இருந்ததையெல்லாம் அழித்து வெறுமையாக்கிப் பார்த்தேன், அப்போதும் அதே பிழை. பிழைப் பதிவில் என் கோப்பின் ஒரு வரி மட்டுமே தெரிந்தது, மற்றவை ஃபிரேம்வொர்க்கின் வரிகள் என்று ரெயில்ஸ் வடிகட்டி மறைத்திருந்தது. வடிகட்டலை எடுத்துவிட்டு முழுத் தடத்தையும் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. ரெயில்ஸ் எந்த ஆக்‌ஷனை ஓட்டுவதானாலும் கன்ட்ரோலரின் ப்ராசஸ் என்ற மெத்தடைத்தான் கூப்பிடும், ஆக்‌ஷனின் பெயரை அதற்கு ஆர்க்யூமென்டாகக் கொடுக்கும். அந்த மெத்தடை நான் என் சொந்த மெத்தடால் மூடிவிட்டேன். பட்டியலுக்கான அழைப்பும் என் மெத்தடுக்கே வந்து மோதியது. பெயரை மாற்றினேன், முடிந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். நான் கூப்பிடாத மெத்தட் கூப்பிடப்பட்டால், ஆர்க்யூமென்ட் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று பிழை வந்தால், லாஜிக்கை விட்டுவிட்டுப் பெயரைப் பார்ப்பேன். ரூபியில் இதை நேரடியாகவே கேட்கலாம். கன்சோலில் தாய் கிளாஸின் பொருள் ஒன்றை எடுத்து, அந்தப் பெயருள்ள மெத்தடை ‘மெத்தட்’ என்ற அழைப்பால் பிடித்து, அதன் ‘ஓனர்’ யார் என்று கேளுங்கள். நீங்கள் எழுதாத ஏதோ மாட்யூலின் பெயர் வந்தால் அந்த இடம் ஏற்கெனவே ஆளிருக்கும் இடம். ‘சோர்ஸ்_லொகேஷன்’ என்று கேட்டால் கோப்பும் வரி எண்ணும்கூடக் கிடைக்கும். பைத்தானில் ‘டைப்’ ஃபங்ஷனும், மாட்யூலாக இருந்தால் அதன் ‘ஃபைல்’ பண்பும் இதே வேலையைச் செய்யும். பைத்தானின் ஃப்ளாஸ்க் ஃபிரேம்வொர்க்கைப் படிக்கத் தொடங்குபவர்கள் தங்கள் முதல் கோப்புக்கே ‘ஃப்ளாஸ்க்’ என்று பெயர் வைத்துவிட்டு, ‘பாதி ஏற்றப்பட்ட மாட்யூல், சுழல் இம்போர்ட்டாக இருக்கலாம்’ என்ற பிழையோடு மல்லுக்கட்டுவது எவ்வளவோ முறை பார்த்திருக்கிறேன். ‘ஃபைல்’ பண்பை அச்சிட்டால் ஒரே நொடியில் தெரியும், இம்போர்ட் ஆனது அவர்களுடைய கோப்புதான் என்று.

பிழையே வராத மோதல்கள் இன்னும் மோசம். ஒரு பட்டியல் பக்கத்தில் பல பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ‘காப்பகப்படுத்து’ அல்லது ‘நீக்கு’ என்று செய்ய ஒரு கீழிறங்கு பட்டி வைக்கிறீர்கள். அதற்கு இயல்பாக வரும் பெயர் ‘ஆக்‌ஷன்’. ரெயில்ஸில் பாரம்ஸிலிருந்து, அதாவது கோரிக்கையோடு வந்த மதிப்புகளின் தொகுப்பிலிருந்து, ஆக்‌ஷனைப் படித்தால் பயனர் தேர்ந்தெடுத்தது வராது, ஓடிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலர் ஆக்‌ஷனின் பெயர்தான் வரும். ரூட்டிலிருந்து கிடைக்கும் மதிப்புகள் படிவத்திலிருந்து வந்தவற்றின் மேல் எழுதப்பட்டுவிடுகின்றன. சரி, லாகில் பார்க்கலாம் என்று போனால் அங்கேயும் ஒரு பொறி. பாராமீட்டர்கள் என்று ரெயில்ஸ் லாகில் அச்சிடும் வரியில் கன்ட்ரோலர், ஆக்‌ஷன், ஃபார்மேட் போன்ற உள் பெயர்களை அது நீக்கிவிட்டுத்தான் அச்சிடும். ஆக, உங்கள் புலம் அனுப்பப்படவே இல்லை என்பது போலத் தோன்றும். நீங்கள் எச்டிஎம்எல்லைச் சந்தேகிப்பீர்கள், ஜாவாஸ்கிரிப்டைச் சந்தேகிப்பீர்கள். பிரவுசரின் நெட்வொர்க் பலகத்தைத் திறந்து பாருங்கள்: புலம் ஒழுங்காகப் போயிருக்கும். அனுப்பிய முனையில் இருக்கிறது, பெற்ற முனையில் இல்லை என்றால் நடுவில் யாரோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஃபார்மேட்டும் இதே குடும்பம். தேடல் வடிகட்டியில் ‘கோப்பு வகை’ என்பதற்கு ஃபார்மேட் என்று பெயர் வைத்து, பயனர் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்தால், ரெயில்ஸ் அதை ‘பதிலையே பிடிஎஃப் ஆகக் கொடு’ என்று எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப் டெம்ப்ளேட் இல்லை என்றோ ‘கேட்ட வடிவில் தர முடியாது’ என்ற 406 என்றோ விழும். எதையும் தேர்ந்தெடுக்காமல் தேடினால் பக்கம் வரும், தேர்ந்தெடுத்தால் வராது. வடிகட்டும் குவெரியில்தான் பிழை என்று சத்தியம் செய்யத் தோன்றும். மாடலோடு கட்டிய படிவங்களில் இந்தத் தொல்லை பொதுவாக வராது, ஏனென்றால் அங்கே புலத்தின் பெயர் மாடலின் பெயருக்குள் அடங்கிப் போகிறது. வெறும் புலங்களோடு கையால் எழுதும் தேடல் படிவம்தான் மாட்டும்.

இந்தத் தொல்லைக்குப் பிரவுசரிலும் ஒரு வாரிசு உண்டு. படிவத்துக்குள் இருக்கும் புலங்களின் பெயர்கள் ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் படிவப் பொருளின் பண்புகளாகவும் கிடைக்கும். அதனால் பொத்தானுக்கு ‘சப்மிட்’ என்று பெயர் வைத்துவிட்டு, நிரலிலிருந்து படிவத்தின் சப்மிட்டைக் கூப்பிட்டால் ‘சப்மிட் ஒரு ஃபங்ஷன் அல்ல’ என்று வரும். உண்மைதான், அந்தப் பெயரில் இப்போது இருப்பது பொத்தான்.

வேர்ட்பிரஸ்ஸில் இதன் உச்சம் இருக்கிறது. அதைக் கண்டிப்பான அர்த்தத்தில் ஃபிரேம்வொர்க் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்தப் பட்டியலில் அதை விட்டுவிட மனம் வரவில்லை. தொடர்புப் படிவம் ஒன்றைக் கையால் எழுதி, பெயர்ப் புலத்துக்கு ‘நேம்’ என்று வைத்து, அதே பக்கத்துக்கு அனுப்பினால் 404 வரும். பக்கம் இருக்கிறது, சற்று முன் அதே முகவரியில்தான் படிவத்தையே நிரப்பினீர்கள். ஆனாலும் 404. வேர்ட்பிரஸ் எந்தப் பதிவைக் காட்டுவது என்று முடிவு செய்யும்போது சில பெயர்களை போஸ்ட் தரவிலும் தேடும். நேம் என்பது அதற்குப் பதிவின் ஸ்லக், அதாவது முகவரியில் வரும் பெயர். பயனர் தன் பெயரை எழுதினார், வேர்ட்பிரஸ் அந்தப் பெயரில் ஒரு கட்டுரையைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறது. ‘இயர்’, ‘பேஜ்’ போன்ற பெயர்களும் இந்த வகைதான். 404 என்றதும் பெர்மாலிங்க் அமைப்பு, ரீரைட் விதி, சர்வர் அமைப்பு என்று எல்லாவற்றையும் நோண்டத் தோன்றும். ஒரு சின்னத் தடயம் காப்பாற்றும்: அந்தப் புலத்தைக் காலியாக விட்டு அனுப்பிப் பாருங்கள். பக்கம் வந்துவிட்டால் சர்வரை விட்டுவிடலாம்.

டெம்ப்ளேட் மொழிகளில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ‘ஐட்டம்ஸ்’. பைத்தானில் ஆர்டர் என்று ஒரு டிக்‌ஷனரி, அதற்குள் ஐட்டம்ஸ் என்ற சாவியில் பொருட்களின் பட்டியல். டெம்ப்ளேட்டில் ஆர்டர் புள்ளி ஐட்டம்ஸ் என்று எழுதி லூப் போடுகிறீர்கள். பைத்தானின் இன்னொரு ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் இது ஓடும். ஃப்ளாஸ்க் பயன்படுத்தும் ஜின்ஜாவில் ‘பில்ட்-இன் மெத்தடை லூப் செய்ய முடியாது’ என்று விழும். ஒரே வரி, ஒரே தரவு. ஜாங்கோ டெம்ப்ளேட்டில் புள்ளி வந்தால் முதலில் டிக்‌ஷனரிச் சாவியைத் தேடும், அப்புறம்தான் பண்பு. ஜின்ஜாவில் இது தலைகீழ்: முதலில் பண்பு, அப்புறம் சாவி. டிக்‌ஷனரிக்கு ஐட்டம்ஸ் என்று ஒரு மெத்தட் பிறவியிலேயே உண்டு, அது முந்திக்கொள்கிறது. ஜின்ஜாவில் புள்ளிக்குப் பதில் சதுர அடைப்புக்குள் சாவியை எழுதினால் தேடும் வரிசை மாறி, தரவு வந்துவிடும். ‘கீஸ்’, ‘வேல்யூஸ்’ என்ற சாவிகளுக்கும் இதே கதி. பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாரவெலில் இதன் தம்பி ஒன்று: தேடல் பெட்டிக்கு ‘குவெரி’ என்று பெயர் வைத்து ரிக்வெஸ்ட் பொருளின் குவெரி பண்பைப் படித்தால், பயனர் தட்டிய சொல்லுக்குப் பதில் ஒரு பை போன்ற பொருள் வரும், ஏனென்றால் அது அடியில் இருக்கும் சிம்ஃபோனி ரிக்வெஸ்டின் சொந்தப் பண்பு. ‘இன்புட்’ மெத்தட் வழியாகக் கேட்டால் சரியாக வரும்.

டேட்டாபேஸ் பக்கம் போனால் கதை வேறு மாதிரி. ரெயில்ஸும் ஜாங்கோவும் தாங்களாக உருவாக்கும் குவெரிகளில் பெயர்களை மேற்கோளுக்குள் வைத்துவிடுகின்றன. அதனால் ‘ஆர்டர்’, ‘குரூப்’ என்று நெடுவரிசை இருந்தாலும் ஓஆர்எம் (பொருட்களை டேபிள்களோடு இணைத்து குவெரிகளைத் தானே எழுதும் பகுதி) வழியாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. ஒருநாள் ‘வேர்’ (where) நிபந்தனையில் கையால் ஒரு துண்டு எஸ்க்யூஎல் எழுதுவீர்கள், அன்றைக்குத் தொடரியல் பிழை வரும். மேற்கோள் போட மறந்துவிட்டோம், அவ்வளவுதான். ஜாவாவின் ஓஆர்எம்மான ஹைபர்னேட் இயல்பாக மேற்கோள் போடாது, அங்கே யூசர் என்று ஒரு என்டிட்டி (டேபிளோடு இணைந்த கிளாஸ்) எழுதினாலே போதும், போஸ்ட்கிரெஸ்ஸில் டேபிள் உருவாகாது. ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 2.7 வந்தபோது அதோடு எச்2 டேட்டாபேஸும் 2.1-க்குப் போனது. அதில் யூசர் ஒதுக்கப்பட்ட சொல். அதனால் நிஜத் தளம் மைஎஸ்க்யூஎல்லில் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, எச்2-வில் ஓடும் டெஸ்ட்கள் மட்டும் விழுந்த திட்டங்கள் உண்டு.

போஸ்ட்கிரெஸ்ஸில் யூசர் இன்னொரு வேடிக்கையும் செய்யும். மேற்கோளுக்குள் வைத்து யூசர் என்ற டேபிளை உருவாக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்சோலில் போய் மேற்கோள் இல்லாமல் ‘யூசரிலிருந்து எல்லாவற்றையும் எடு’ என்று கேட்டால் பிழை வராது. ஒரே ஒரு வரிசை வரும், அதில் நீங்கள் டேட்டாபேஸுக்குள் நுழைந்த பயனர்பெயர் இருக்கும். அந்தச் சொல் அங்கே ‘இப்போது நுழைந்திருப்பவர் யார்’ என்ற கேள்வி. ஆயிரக்கணக்கில் பதிவு இருக்க வேண்டிய டேபிளில் ஒன்றுதான் இருக்கிறது என்று பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது ‘தரவு அழிந்துவிட்டது’ என்பதுதான். பதறாமல் நெடுவரிசையின் பெயரைப் பாருங்கள், அது உங்களுடையதாக இருக்காது.

அப்புறம், நேற்று வரை சரியாக இருந்த பெயர் இன்று தப்பாகும் வகை ஒன்று உண்டு. 2018-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 விண்டோ ஃபங்ஷன்களைக் கொண்டுவந்தபோது ‘ரேங்க்’, ‘குரூப்ஸ்’ போன்றவற்றை ஒதுக்கிக்கொண்டது. 5.7-இல் குரூப்ஸ் என்ற டேபிளோடு ஆண்டுக்கணக்கில் ஓடிய ஆப்கள் மேம்படுத்திய மறுநாள் 1064 என்ற பிழையைக் காட்டின. அதே 2018-இல் பைத்தான் 3.7 ‘அசிங்க்’, ‘அவெயிட்’ இரண்டையும் முழு ஒதுக்கச் சொற்களாக்கியது. பின்னணி வேலைகளுக்கு ஜாங்கோவோடு பலர் பயன்படுத்தும் செலரிக்குள் அசிங்க் என்ற பெயரில் ஒரு மாட்யூல் இருந்தது. நீங்கள் ஒரு எழுத்தும் மாற்றாமலே இம்போர்ட் வரியில் தொடரியல் பிழை. கடைசியில் அவர்கள் மாட்யூலின் பெயரை முழு வடிவத்துக்கு, அதாவது அசிங்க்ரனஸ் என்று மாற்ற வேண்டியிருந்தது. 2020-இல் பிஎச்பி 8.0 ‘மேட்ச்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. விளையாட்டுப் போட்டி ஆப் எழுதியவர்கள் எத்தனை பேர் மேட்ச் என்று மாடல் வைத்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். இந்த வகையில் ஒரு சௌகரியம் உண்டு: தேதி தெரியும். எந்த நாளில் எந்தப் பதிப்பு மாறியது என்று பார்த்து, அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் ‘ரிசர்வ்ட்’ என்று தேடினால் போதும்.

முன்பக்க ஃபிரேம்வொர்க்குகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, அவை ஓரளவு வாய்விட்டுச் சொல்லிவிடும். ரியாக்டில் ‘கீ’ என்று ப்ராப் (ஒரு கூறுக்குள் அனுப்பும் மதிப்பு) அனுப்பினால் உள்ளே அன்டிஃபைன்ட் வரும், டெவலப்மென்ட் முறையில் கன்சோலில் எச்சரிக்கையும் வரும். வியூவில் அடிக்கோட்டிலோ டாலர் குறியிலோ தொடங்கும் டேட்டா பெயர்களை டெம்ப்ளேட்டிலிருந்து நேரடியாக எட்ட முடியாது. கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்பவர் மாட்ட மாட்டார்.

சந்தேகம் வந்துவிட்டது, எப்படி உறுதி செய்வது? பெயரை மாற்றிப் பாருங்கள். அர்த்தமே இல்லாத, உலகில் யாரும் வைத்திருக்க முடியாத ஒரு பெயராக மாற்றுங்கள். இன்னொரு நல்ல பெயராக மாற்றினால் அதுவும் ஒதுக்கப்பட்டதாக இருந்து தொலைக்கலாம். நான் மூன்று இசட்டில் தொடங்கி ஏதாவது தட்டுவேன். பிழை போய்விட்டால் பெயர்தான் குற்றவாளி. போகவில்லை என்றால் அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டுவிட்டு லாஜிக்குக்குத் திரும்புங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மாற்றிய பிறகு சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள். பைத்தானில் பழைய கோப்பை அழிக்காமல் புதிய பெயரில் நகலெடுத்து வைத்துவிட்டு ‘இன்னும் அதே பிழை’ என்று சொல்பவர்கள் உண்டு. பழைய கோப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன ஆகும்?

சோதனைக்காக நெடுவரிசையின் பெயரை மாற்ற முடியாத இடத்தில் திருப்பிச் செய்யுங்கள். ஒரு புதிய, வெறும் டேபிள், அதில் அந்த ஒரு நெடுவரிசை மட்டும், வேறு எதுவும் எழுதாத மாடல். அங்கேயும் விழுந்தால் உங்கள் லாஜிக் நிரபராதி.

புதுப் பெயர் வைக்கும்போது ஒற்றைச் சொல்லைத் தவிருங்கள். டைப் மோதும், அக்கவுன்ட்_டைப் மோதாது. ஸ்டேட்டஸ் சில இடங்களில் மோதும், பேமென்ட்_ஸ்டேட்டஸ் மோதாது. சிலர் ஒதுக்கப்பட்ட சொல்லின் கடைசியில் ஒரு அடிக்கோடு போட்டுத் தப்பிப்பார்கள், பைத்தானின் பெப் 8 நடைக் கையேடே அதைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் ஜாங்கோ மாடலில் அடிக்கோட்டில் முடியும் புலப்பெயருக்கு அனுமதி இல்லை, ஏனென்றால் இரட்டை அடிக்கோடு அங்கே குவெரிகளில் உறவுகளைத் தாண்டிப் போகும் குறி. மொழி காட்டிய வாசலை ஃபிரேம்வொர்க் பூட்டி வைத்திருக்கிறது! டேபிள் பழையது, மாற்ற முடியாது என்றால் ஜாங்கோவில் ‘டிபி_காலம்’ அமைப்பால் மாடலில் ஒரு பெயரும் டேபிளில் இன்னொரு பெயருமாக வைத்துக்கொள்ளலாம். ஹைபர்னேட்டில் காலம் குறிப்பு அதே வேலையைச் செய்யும்.

இனி உங்கள் ஹேஷ். வேண்டாம். ரெயில்ஸின் ஓஆர்எம்மான ஆக்டிவ் ரெக்கார்டின் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஹேஷ் என்று மெத்தட் உண்டு, பொருட்களை ஒப்பிடவும் தொகுப்புகளில் சேர்க்கவும் ரூபி அதைத்தான் கேட்கும். அந்தப் பெயரில் நெடுவரிசை வைத்தால் மாடலைத் தொட்டவுடன் ‘டேஞ்சரஸ் அட்ரிப்யூட் எரர்’ என்று ரெயில்ஸ் கத்தும். மைக்ரேஷனுக்கு முன்னால் கன்சோலில் மாடலிடம் ‘டேஞ்சரஸ்_அட்ரிப்யூட்_மெத்தட்’ என்று கேள்விக்குறியோடு கேட்டு, நெடுவரிசைப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். ஆம் என்றால் வேறு பெயர். இது மெத்தடோடு மோதும் பெயர்களை மட்டும்தான் பிடிக்கும். டைப் மாதிரி, மெத்தட் எதுவும் இல்லாமல் வழக்கத்தால் அர்த்தம் பெற்ற பெயர்கள் இதில் சிக்காது. ‘லாக்_வெர்ஷன்’ அப்படி ஒன்று, அந்தப் பெயரில் நெடுவரிசை இருந்தாலே இருவர் ஒரே பதிவைத் திருத்தும்போது இரண்டாமவரைத் தடுக்கும் பூட்டு இயங்கத் தொடங்கிவிடும். உங்கள் ஆவணங்கள் டேபிளில் ‘வெர்ஷன்’ என்று ஏதோ வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். அது பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும். ஹேஷை மட்டும் ‘செக்சம்’ என்று மாற்றிவிட்டு மைக்ரேஷனை ஓட்டுங்கள்.